வாசகர் கேள்வி – பதில்: கிராமத்துக்கு ஒரு மிஷன் மருத்துவமனை

கேள்வி: மலையடிவாரக் கிராமம் ஒன்றில் எங்கள் திருச்சபை மருத்துவமனை தொடங்க எண்ணியிருக்கிறது. அன்பர் ஒருவர் நிலம் கொடுத்துவிட்டார். கட்டடத்துக்கான காணிக்கையும் ஓரளவு சேர்ந்திருக்கிறது. ஆனால் குழுவில் மூத்தவர் ஒருவர், கட்டடத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் ஆள்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்கிறார். பழைய மிஷன்களின் அனுபவம் எந்தப் பக்கம் நிற்கிறது, ஐயா?
– சபைக் குழுச் செயலர், தருமபுரி மாவட்டம்

பதில்: மூத்தவர் பக்கம்தான் நிற்கிறது. நெய்யூரில் நடந்ததை அவரே உங்களுக்குச் சொல்லியிருக்கக்கூடும். அன்றைய தென் திருவிதாங்கூரில் இருந்த அந்த ஊருக்கு லண்டன் மிஷன் 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவரை அனுப்பியது. சில ஆண்டுகளில் அவர் விலகினார். மருத்துவப் பணி நின்றுபோனது. அடுத்து வந்த சார்லஸ் லீச் ஊராரின் நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டிருந்த வேளையில், 1854இல் கடலில் குளிக்கச் சென்று மூழ்கி இறந்தார். பணி மீண்டும் நின்றது. 1861இல் ஜான் லோ வந்து சேரும்வரை ஏழு ஆண்டுகள் நெய்யூரில் மிஷன் மருத்துவர் இல்லை. இரண்டு முறையும் நோயாளிகளுக்குக் குறைவில்லை, மிஷனுக்கு இடமும் இருந்தது. அந்த ஒருவரின் வேலையைத் தொடர்ந்து செய்யத் தெரிந்த இன்னொருவர்தான் ஊரில் இல்லை. லோ உள்ளூர் இளைஞர்கள் சிலரைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தத் தொடங்கினார். அவர்கள் படித்து வெளிவந்த பிறகே சுற்றுவட்டாரத்தில் கிளை மருந்தகங்களைத் திறக்க முடிந்தது. எவரெஸ்ட் ஏறச் சென்ற ஹோவர்டு சாமர்வெல் 1920களில் நெய்யூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தாரே, அவர் வந்து சேர்ந்தது அப்படி வேர்விட்டிருந்த ஒரு பணியில்தான்.

கட்டடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேலூரில் அமெரிக்க மிஷன் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கியது தந்தையின் வீட்டில் ஓர் அறையில், ஒரே கட்டிலோடு. நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இரண்டாண்டு கழித்தே வந்தது. உங்கள் நிலம் எங்கும் ஓடிவிடாது. காணிக்கையில் ஒரு பங்கை அந்த ஊரைச் சேர்ந்த இரண்டு பெண் பிள்ளைகளின் செவிலியர் படிப்புக்கு ஒதுக்கிவிட்டு, அவர்கள் படித்து முடிக்கும்வரை வாரம் ஒரு நாள் மரத்தடியில் மருந்து கொடுங்கள். ஐடா ஸ்கடரும் வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் குறித்த கிழமையில் குறித்த இடங்களில் வண்டியை நிறுத்தி அப்படித்தான் செய்தார். கிழமை தவறாமல் வருவது மட்டும் முக்கியம். தவறினால் பத்து மைல் நடந்து வந்த நோயாளி அடுத்த வாரம் வரமாட்டார். ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: எவ்வளவு சிறிய மருந்தகமானாலும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தாக வேண்டும்; பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரின் பொறுப்பில்தான் அது இயங்க வேண்டும்.

கேள்வி: நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் மேல்நாட்டு மருத்துவம் முழுக்கத் தமிழில் கற்பிக்கப்பட்டது என்று என் பாட்டனார் சொல்வார். உண்மையா? அப்படியானால் ஏன் நின்றது?
– வாசகி, டொரொண்டோ

பதில்: உங்கள் பாட்டனார் சொன்னது உண்மை. அமெரிக்க இலங்கை மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் நோயாளிகளைப் பார்ப்பதோடு மாணவர்களுக்கும் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. அதன் பலனையும் அவர் விரைவிலேயே கண்டார்: ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவருக்கு அரசாங்கச் சம்பளமும் வெளியூர் வேலையும் காத்திருந்தன, மானிப்பாய்க்குப் பக்கத்துக் கிராமத்தில் காய்ச்சலில் கிடந்தவருக்கு அவர் கிடைக்கவில்லை. ஆகவே தாயகம் சென்று திரும்பிய பிறகு, 1864 முதல், வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். ஊரில் தங்கக்கூடிய மருத்துவரை உருவாக்க இதைவிட வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை. அவரிடம் பயின்று வெளிவந்தோர் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள்.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டுமே! கிறீனும் அவருடைய மாணவர்களும் பல்லாண்டு உழைத்து நாலாயிரம் பக்கங்களுக்கும் மேல் மொழிபெயர்த்தார்கள். அறுவை மருத்துவத்துக்கு ‘இரண வைத்தியம்’ (1867), உடற்கூற்றுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), வேதியியலுக்கு ‘கெமிஸ்தம்’ (1875) என்று நூற்பெயர்களைப் பார்த்தாலே அவர்கள் கலைச்சொல் படைத்த முறை விளங்கிவிடும். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடினார்கள். கிடைக்காதபோது வடமொழிக்குச் சென்றார்கள். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாவுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார்கள். ‘கெமிஸ்தம்’ என்பதைக் கேட்டு இன்று நாம் சிரிக்கலாம். ஆனால் ஒரு மாணவன் அதைத் தயக்கமின்றிச் சொல்லி வேலையைப் பார்த்திருப்பான். கலைச்சொல் தூய்மையைப் பற்றி நாம் நடத்தும் வாதங்களில் பாதி, வகுப்பறையில் மாணவன் இல்லாமலே நடப்பவை.

நின்றதற்குக் காரணம் தமிழின் இயலாமை அன்று. 1870இல் கொழும்பில் அரசாங்கத்தின் மருத்துவப் பள்ளி ஆங்கில வழியில் தொடங்கியது. அங்கே பெற்ற தகுதிக்கே அரசு வேலை கிடைத்தது. கிறீன் உடல்நலம் குன்றி 1873இல் அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தபடியும் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து, 1884இல் மறைந்தார். தமிழில் படித்தவர்களுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. அரசாங்கப் பதவி இல்லை. பதவியில்லாத படிப்புக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் எத்தனை காலம் முன்வருவார்கள்?

கேள்வி: மருந்தைக் காட்டி மதம் மாற்றத்தானே இந்த மிஷன்கள் வந்தன? அதை மறைத்துவிட்டு அவற்றைப் புகழ்வது நியாயமா?
– வாசகர், மதுரை

பதில்: மறைக்க வேண்டியதில்லை; அவர்களே மறைக்கவில்லை. தம் கல்லறையில் தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்னும் பொருள்படப் பொறிக்க வேண்டுமென விரும்பியவர் கிறீன். அந்த ஊழியத்தில் நற்செய்தியும் அடங்கும். மிஷன் மருந்தகங்களில் மருந்து கொடுக்கும் முன் வேத வாசிப்பும் ஜெபமும் நடப்பது வழக்கம். நோயில் தவிப்பவர் அதைக் கேட்காமல் எழுந்து போக முடியாது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அது உறுத்தலான ஏற்பாடுதான்.

ஆனால் நடந்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். கிறீன் பிறந்த அதே 1822இல்தான் மிஷன்களை எதிர்த்துச் சைவத்தை வளர்த்த ஆறுமுக நாவலர் நல்லூரில் பிறந்தார். மானிப்பாயில் மருத்துவ வகுப்பு தொடங்கிய அதே 1848இல்தான் வண்ணார்பண்ணையில் நாவலரின் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது. மிஷனிடம் மருந்து வாங்கிக்கொண்டே யாழ்ப்பாணத்தார் பெரும்பாலோர் சைவர்களாகவே இருந்தார்கள். மாணவர்கள் வேட்டியை விட்டுக் காற்சட்டைக்கு மாறுவதையும் தமிழை விட்டு விலகுவதையும் கிறீன் விரும்பவில்லை என்பது, நாவலர் தரப்பினரும் மறுக்க விரும்பியிராத ஒரு கருத்து.

கேள்வி: நான் மலைக்கிராமத் துணை மருந்தகம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே நாங்கள் நியமிக்கும் செவிலியர் யாரும் ஓராண்டுக்கு மேல் தங்குவதில்லை. சம்பளத்தை உயர்த்தினால் தங்குவார்களா?
– செவிலியர், திருப்பத்தூர் மாவட்டம்

பதில்: சம்பளம் உதவும், அது மட்டும் போதாது. இந்தக் கேள்வியை மகாராஷ்டிரத்தின் வறண்ட பகுதியான ஜாம்கேடில் ராஜ் அரோலே, மேபெல் அரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் 1970களிலேயே எதிர்கொண்டார்கள். இருவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். முதலில் அவர்களும் பயிற்சி பெற்ற துணைச் செவிலியரைக் கிராமங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வெளியூரிலிருந்து வந்த இளம்பெண்களுக்குக் கிராமத்தில் தனியே தங்குவது அச்சமாக இருந்தது. ஊர்ப்பெண்களுக்கோ, தங்களைவிட வயதில் சிறிய ஒருத்தி வந்து பிள்ளை வளர்ப்பைச் சொல்லித்தருவது ஏற்கவில்லை. அப்போது ஊர்த்தலைவர் ஒருவரே, எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைப் பயிற்றுவித்தால் என்ன என்று கேட்டார்.

அப்படி வந்த பெண்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் பலர். வாரந்தோறும் ஜாம்கேடுக்கு வந்து, ஒன்றாகத் தங்கி உண்டு, அந்த வாரம் தத்தம் ஊரில் கண்டதைச் சொல்லி, பாடம் கேட்டுத் திரும்பினார்கள். குழந்தைக்கு எடை பார்ப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரை நீர் கலந்து கொடுப்பது, தூய்மையாகப் பிரசவம் பார்ப்பது, ஆபத்தான நிலையை அடையாளம் கண்டு உடனே மருத்துவமனைக்கு அனுப்புவது ஆகியவை அவர்கள் கைக்கு வந்தன. மருத்துவமனை பின்னால் தாங்கி நின்றது. முன்னால் நின்றவர்கள் அவர்களே. 1979இல் அரோலே தம்பதியருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அரோலே தம்பதியர் முதலில் ஊராரிடம் கேட்டபோது அவர்கள் மருத்துவமனை கேட்கவில்லை. அது வறட்சிக் காலம், தண்ணீரும் உணவும் கேட்டார்கள். கிணறு தோண்டிய பிறகுதான் மற்றப் பேச்சு. உங்கள் மலைக்கிராமத்தில் ஊர்க்கூட்டம் கூட்டி, எந்தப் பெண்ணின் வீட்டுக்கு நள்ளிரவில் போய்க் கதவைத் தட்டுவார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். நியமன உத்தரவை அந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள்.