ஹிட்ச்காக்கின் மௌனப் படங்கள்: கேள்வி பதில்

ஹிட்ச்காக் என்றாலே 'சைக்கோ', 'வெர்டிகோ'தான் நினைவுக்கு வருகின்றன. மௌனப் படங்களும் எடுத்தாரா?

எடுத்தார். 9 படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. 2012இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அவற்றைச் செப்பனிட்டு வெளியிட்டது. இரண்டாவதாக இயக்கிய 'தி மவுண்டன் ஈகிள்' மட்டும் தொலைந்தே போய்விட்டது.

ஓசையே இல்லாமல் திகிலை எப்படி வரவழைத்தார்?

'தி லாட்ஜர்' (1927) பாருங்கள். பொன்னிறக் கூந்தல் பெண்களை ஒருவன் கொன்றுவரும் லண்டன். மாடியில் புதிதாகக் குடிவந்தவர் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறார். அந்தக் காலடிச் சத்தம் கீழே இருப்பவர்களுக்குக் கேட்கிறது. நமக்குக் கேட்க வழியில்லை. எனவே கூரையில் தொங்கும் விளக்கு ஆடுகிறது. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். உடனே கூரை மறைந்து, நடக்கும் பாதங்களின் அடிப்பக்கம் தெரிகிறது. தடித்த கண்ணாடித் தளத்தில், குடிவந்தவராக நடித்த ஐவர் நொவெல்லோவை நடக்கவிட்டுக் கீழிருந்து படம்பிடித்தார்கள். எனக்கென்னவோ கண்ணாடியைவிட அந்த விளக்கின் ஆட்டம்தான் வயிற்றைக் கலக்குகிறது.

இந்த உத்திகளை ஜெர்மானியரிடமிருந்து எடுத்தாரா?

பெரும்பகுதி அங்கே கற்றதுதான். 1924இல் ஜெர்மனியின் பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவில் வேலை செய்தபோது, ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் 'தி லாஸ்ட் லாஃப்' எடுப்பதை நேரில் பார்த்தார். வசன அட்டைகள், அதாவது பேச்சை எழுத்தில் காட்டும் அட்டைகள், ஏறக்குறைய இல்லாத படம் அது. வேடிக்கை என்னவென்றால், ஹிட்ச்காக் சினிமாவுக்குள் நுழைந்ததே வசன அட்டை வடிவமைப்பவராகத்தான்!

மனைவி அல்மாவின் பங்கு?

சிறியதல்ல. அவர் தேர்ந்த படத்தொகுப்பாளர். 'தி லாட்ஜ'ரில் உதவி இயக்குநர். திருமணம் 1926 டிசம்பரில்.

பேசும் படம் வந்ததும் பாணி மாறியதா?

மாறவில்லை என்பேன். 'பிளாக்மெயில்' (1929) மௌனமாகவும் ஒலியோடும் வெளிவந்தது. ஒலி வடிவத்தில், முந்தைய இரவு ஒருவனைக் கத்தியால் குத்திய பெண் காலை உணவுக்கு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி கொலையைப் பற்றி வம்பளக்கிறாள். பேச்சு மங்கி மங்கி, 'கத்தி' என்ற சொல் மட்டும் உரக்க விழுகிறது. கேமராவை ஒரு பொருளின் அருகே கொண்டுபோவதைப் போலவே ஒலியையும் கையாண்டிருக்கிறார். 'வெர்டிகோ'வில் நாயகன் காரில் நாயகியைப் பின்தொடரும் நீண்ட பகுதியில் ஏறக்குறைய பேச்சே கிடையாது. அமெரிக்க இயக்குநர் பிரையன் டி பால்மாவின் 'டிரெஸ்டு டு கில்' (1980) அருங்காட்சியகக் காட்சியும் அந்த வழியில் வந்ததுதான்.

எதில் தொடங்கலாம்?

'தி லாட்ஜர்', அடுத்து 'தி ரிங்', பிறகு 'பிளாக்மெயி'லின் மௌன வடிவம். 'ஷாம்பெயின்' கடைசியில் போதும், பொறுமை வேண்டும்.