சி8 கார்வெட்டா, கேமன் ஜிடிஎஸ் 4.0-ஆ? – பதில்

செவர்லேயின் சி8 கார்வெட், போர்ஷேயின் கேமன் ஜிடிஎஸ் 4.0, இந்த ரெண்டு ஸ்போர்ட்ஸ் காரில் எதை வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. மாசம் ஒரு டிராக் டே (ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டுற நாள்), மத்த நாளெல்லாம் ஆபீஸ், கியரை நானே மாத்தணும்னு மூணு நிபந்தனை போட்டிருக்கீங்க. மூணாவதிலேயே பதில் இருக்குங்க. சி8 கார்வெட்டில் மேனுவலே கிடையாது, கியரைத் தானே மாத்திக்கிற 8 கியர் டூயல் கிளட்ச் மட்டும்தான். கேமனில் 6 கியர் மேனுவல் உண்டு.

குதிரைத்திறனைப் பார்த்துத்தான் குழம்புறீங்கன்னு நினைக்கிறேன். கார்வெட்டின் 6.2 லிட்டர் வி8 தருவது 490, கேமன் 394. நேர்ரோட்டில் கேமன் பக்கத்தில்கூட வராது. ஆனா அது கிட்டத்தட்ட 200 கிலோ எடை கம்மி. வளைவுக்கு முன்னாடி பிரேக் அழுத்தித் திருப்பும்போது அந்த வித்தியாசம் ஸ்டியரிங்கிலேயே தெரியும். கேமனின் எஞ்சின் 7,800 ஆர்பிஎம் (நிமிஷத்துக்குச் சுற்றுகள்) வரை கத்தும், அந்தச் சத்தத்துக்கே தனியா காசு கொடுக்கலாம்! ஒரே எரிச்சல், கியர்கள் ரொம்ப நீளம். இரண்டாவது கியரிலேயே மணிக்கு 80 மைலைத் தொட்டுடும், ஊருக்குள்ள அதை முழுசா இழுக்கவே முடியாது.

மேனுவலைக் கைவிட மனசு வந்தா கார்வெட்டே லாபம். அப்போ இசட்51 பேக்கேஜ் (கார்வெட்டுக்கான கூடுதல் பாகங்களின் தொகுப்பு) இருக்கிற வண்டியா தேடுங்க. பெரிய பிரேக், கூடுதல் கூலிங், எலெக்ட்ரானிக் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிறது) எல்லாம் அதில்தான். அது இல்லாத வண்டியை டிராக்குக்குன்னு வாங்காதீங்க.