திருத்தியும் பழைய கோடே ஓடுகிறதா?

கேள்வி: ஜாவாவில் எழுதிய பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கிறேன். தள்ளுபடிக் கணக்கில் இருந்த பிழையைத் திருத்தி, புது ஜார் ஃபைலை (கம்பைல் செய்த கிளாஸ்களின் தொகுப்பு) டாம்கேட் சர்வரில் போட்டு ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டேன். பழைய தொகைதான் வருகிறது. நான் சேர்த்த லாக் வரிகூட வரவில்லை. என் லேப்டாப்பில் சரியாக ஓடுகிறது. எங்கே தேடுவது?

பதில்: லாக் வரி வரவில்லை என்றீர்களே, அதுதான் இதில் முக்கியமான தடயம். லாக் லெவல் (எந்த வகை லாக் வரிகளைக் காட்டுவது என்ற அமைப்பு) அதை மறைக்கவில்லை என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் தள்ளுபடிக் கணக்கைத் தொடவே வேண்டாம். நீங்கள் எழுதிய கோடை சர்வர் இன்னும் படிக்கவே இல்லை.

ஒரு கிளாஸ் தேவைப்படும்போது, அதை ஏற்றும் வேலையைச் செய்யும் கிளாஸ்லோடர் கிளாஸ்பாத்தில், அதாவது ஜார்களும் ஃபோல்டர்களும் கொண்ட பட்டியலில், வரிசையாகத் தேடும். அந்தப் பெயரில் முதலில் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். எது புதியது, எது பழையது என்று பார்க்காது. இரண்டு இருக்கிறதே என்று எச்சரிக்கவும் செய்யாது. ஜார் ஃபைலின் பெயரில் உள்ள 1.2, 1.3 போன்ற பதிப்பு எண்கள் எல்லாம் நமக்குத்தான் எண்கள், அதற்கு வெறும் எழுத்துகள்.

இந்த இடத்தில் ஊகிக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் ஜாவாவிடமே கேட்டுவிடுவது நல்லது. சர்வரைத் தொடங்கும்போது ஜாவாவுக்கு ‘வெர்போஸ் கிளாஸ்’ ஆப்ஷனைக் கொடுங்கள். ஏற்றப்படும் ஒவ்வொரு கிளாஸும் எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்று வரி வரியாகக் கொட்டும். அதில் உங்கள் கிளாஸின் பெயரைத் தேடினால் போதும். ரீஸ்டார்ட் செய்யும்போது இதைச் சேர்த்துக்கொள்ளலாம், கோடில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பதால் நான் எப்போதும் இதில்தான் தொடங்குவேன்.

பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுதான்: அப்ளிகேஷனின் வெப்-இன்ஃப் ஃபோல்டர் உள்ளே இருக்கும் லிப் ஃபோல்டரில் 1.2 ஜாரும் 1.3 ஜாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பெயர் வேறு என்பதால் புதியதை காப்பி செய்தபோது பழையது அழியவில்லை. ஒரே ஃபோல்டரில் உள்ள ஜார்களில் எது முன்னால் வரும் என்பதற்கு டாம்கேட் உத்தரவாதம் தருவதில்லை. ஒரு சர்வரில் சரியாகவும் இன்னொன்றில் தவறாகவும் ஓடுவது அதனால்தான். லேப்டாப்பில் ஐடிஇ (நீங்கள் கோடு எழுதும் மென்பொருள்) நீங்கள் கம்பைல் செய்த ஃபோல்டரையே நேரடியாக எடுத்துக்கொள்வதால் அங்கே இந்தச் சிக்கல் தலைகாட்டுவதில்லை.

லிப் சுத்தமாக இருந்தால், பக்கத்திலுள்ள கிளாசஸ் ஃபோல்டரைப் பாருங்கள். டாம்கேட் லிப்புக்கு முன்பே அதைத்தான் பார்க்கும். யாரோ ஒருமுறை அவசரத்துக்குப் போட்ட ஒற்றை கிளாஸ் ஃபைல் அங்கே கிடந்தால், எத்தனை புது ஜார் போட்டாலும் அதுதான் ஜெயிக்கும்.

சரி, தீர்வு? புதியதைப் பழையதன் மேல் காப்பி செய்வதை விட்டுவிடுங்கள். சர்வரை நிறுத்தி, அப்ளிகேஷனின் விரித்த ஃபோல்டரை முழுதாக நீக்கி, புது வார் ஃபைலை (ஜார்கள் உட்பட அப்ளிகேஷன் முழுவதும் அடங்கிய தொகுப்பு) வையுங்கள்.

அதன் பிறகும் ஒரே கிளாஸ் இரண்டு ஜாரில் வந்தால், அந்தத் தொகுப்பை உருவாக்கும் பில்டில் கோளாறு. பில்ட் கருவியான மேவனின் டிபெண்டன்சி ட்ரீயை, அதாவது எந்த நூலகம் எதை இழுத்து வருகிறது என்ற பட்டியலை, எடுத்துப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பதிப்பு வந்தால் மேவன் ட்ரீயில் கிட்ட இருப்பதை எடுக்கும், அது பழையதாகவும் இருக்கலாம். இன்னொரு பில்ட் கருவியான கிரேடில் வழக்கமாக உயர்ந்த பதிப்பை எடுக்கும். ஆனால் நூலகமே பெயர் மாறியிருந்தால் இரண்டுமே ஏமாறும். உதாரணமாக, குறியாக்கத்துக்கான பௌன்சி காசில் நூலகம் ‘ஜேடிகே15ஆன்’ என்ற பெயரிலிருந்து ‘ஜேடிகே18ஆன்’ என்று மாறியது. பில்ட் கருவிக்கு அவை இரண்டு தனி நூலகங்கள், ஆனால் உள்ளே இருப்பதோ அதே பெயருள்ள கிளாஸ்கள். அப்படி வந்தால் பழையதை எக்ஸ்குளூஷன் போட்டு விலக்க வேண்டும்.

எல்லாம் சரியாகி, லாக் வரியும் வந்து, தள்ளுபடி சதவீதம் மட்டும் பழையதாகவே இருந்தால் அது வேறு கதை. ‘ஸ்டாட்டிக் ஃபைனல்’ என்று எழுதிய எண்ணை, அதைப் பயன்படுத்தும் கிளாஸ்களுக்குள்ளேயே கம்பைலர் பதித்துவிடும். எண் இருக்கும் ஜாரை மட்டும் மாற்றினால் போதாது. அதைப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் கிளீன் பில்ட் (பழைய கம்பைல் ஃபைல்களை அழித்துவிட்டு முதலிலிருந்து பில்ட்) செய்து மறுபடி போடுங்கள்.