விட்டு விட்டு வரும் காய்ச்சல், பிள்ளையின் மூட்டு வலி: கேள்வி பதில்

மலையகத்தில் சிறுவர் வார்டில் நீண்ட காலம் தாதியாக இருந்தேன். தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள் என்பதால் நீங்கள் சொல்லும் கஷ்டம் எனக்குப் புதிதில்லை. நான் டொக்டர் இல்லை, மருந்து எழுதித் தர மாட்டேன். எந்த அறிகுறிக்கு எங்கே ஓட வேண்டும், அங்கே போய் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அம்மா: மிஸ், மகளுக்கு 4 வயது. மூன்று வாரமாக அந்தியானால் உடம்பு கொதிக்கிறது, விடிந்தால் காய்ச்சலே இல்லை. ஆனால் விடிய எழும்ப மாட்டாள், கால் வலி என்று அழுவாள். பீலிக்குக்கூடத் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். டிஸ்பென்சரியில் இரண்டு தடவை அன்டிபயோட்டிக் தந்தார்கள், குறையவில்லை. பத்து மணிக்கு மேல் ஓடியாடுகிறாள், அதனால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

தங்கச்சி, நான் நம்புகிறேன். டிஸ்பென்சரி மருந்தோடு இனியும் காத்திருக்க வேண்டாம். குழந்தை வைத்திய நிபுணர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நுவரெலியாவோ, பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரியோ, எது கிட்டவோ அங்கே போகலாம்.

காய்ச்சல் ஒரு நாளைக்கு ஒரு தடவை 39 பாகைக்கு மேல் ஏறி, பிறகு தானாகவே முழுதாக இறங்குவது ஒரு தனி ரகம். அதோடு காலையில் மூட்டு இறுக்கமும் இருந்தால் சிறுவர் மூட்டுவாதத்தில் உடம்பு முழுவதையும் தாக்கும் வகையா என்று டொக்டர்கள் யோசிப்பார்கள். இது கிருமியால் வருவதில்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பில் வீக்கத்தைக் கிளப்புகிறது. அன்டிபயோட்டிக் கேட்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் முதலில் வரும், மூட்டு வீக்கம் வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

இன்றிரவு காய்ச்சல் ஏறியதும் சட்டையைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் நெஞ்சு, அக்குள், தொடை எல்லாம் பாருங்கள். ரோஸ் நிறத்தில் சின்னச் சின்னத் தடிப்பு இருக்கிறதா? நம் நிறத்தில் அது மங்கலாகத்தான் தெரியும், காய்ச்சல் இறங்கியதும் மறைந்தும் போகும். உடனே போனில் படம் எடுத்து வையுங்கள்.

அதைவிட முக்கியம் காலை வீடியோ. நம்பர் எடுத்துக் காத்திருந்து டொக்டரின் முன்னால் உட்காரும்போது பதினொரு மணியாகிவிடும். அதற்குள் மூட்டு இளகி, பிள்ளை கதிரையில் ஏறிக் குதிக்கும். பார்க்கிறவருக்கு நோய் எங்கே தெரியப்போகிறது? காலை ஆறு மணிக்கு அவள் இஸ்தோப்பில் எப்படி எழும்புகிறாள், எந்தக் காலை ஊன்றாமல் நடக்கிறாள் என்று ஒரு நிமிடம் எடுங்கள். என் வார்டில் ஒரு தாய் அப்படிக் கொண்டுவந்தாள். பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு, கிழவனைப் போலக் குனிந்து நாலு அடி வைக்கிறான். டொக்டர் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கே வார்டில் சேர்த்தார்.

இந்த நோயை உறுதிப்படுத்த ஒற்றைப் பரிசோதனை கிடையாது. தொற்று இல்லை, இரத்தப் புற்றுநோய் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் இங்கே வருவார்கள். அதனால் அதற்கு முன்னால் வெளியில் யாரும் ஸ்டீரொய்ட் கொடுத்தால் வாங்காதீர்கள். அது புற்றுநோயின் அடையாளத்தை மறைத்துவிடும். இன்னொன்று: காய்ச்சல் இறங்காமல் நாள் முழுக்க நின்று, பிள்ளை சோர்ந்து மயங்கினாலோ, முரசில், மூக்கில் இரத்தம் வந்தாலோ இரவென்றும் பார்க்காமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

தலவாக்கலையிலிருந்து ஓர் அப்பா: மகனுக்கு 9 வயது. தொண்டை நோவு வந்து மூன்று வாரத்தில் முழங்கால் வீங்கியது. அது வற்ற கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்லி 3 வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி எழுதியிருக்கிறார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். அப்பாயி, "சுகமான பிள்ளையை ஏன் குத்திக் குத்தி நோகடிக்கிறாய்?" என்கிறார். நிறுத்தலாமா?

நிறுத்தவே கூடாது தம்பி. அப்பாயிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் இந்தக் காய்ச்சலின் முத்திரை. பெரும்பாலும் 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் வரும். தொண்டைக்கு வந்த கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த ஆயுதம், ஆள் மாறி மூட்டையும் இதயத்தையும் தாக்குகிறது. மூட்டு முழுசாகச் சுகமாகிவிடும். இதய வால்வு அப்படியில்லை, தழும்பு விழுந்தால் விழுந்ததுதான். ஒவ்வொரு தடவை காய்ச்சல் திரும்பும்போதும் வால்வு இன்னும் கெடும். ஒரே காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுக்கிற நம் லயங்களில் ஒருவர் தொண்டை நோவு அடுத்தவருக்குப் போக ஒரு இரவு போதும். ஊசி போடுவது இன்றைய நோவுக்காக இல்லை, அடுத்த தொண்டை நோவு உள்ளே வராமல் கதவைச் சாத்தத்தான்.

இதயம் தப்பியிருந்தால்கூடக் குறைந்தது 5 வருடம் அல்லது 21 வயது வரை, இரண்டில் எது நீளமோ அதுவரை போடுவது வழக்கம். இதயம் பாதித்திருந்தால் 10 வருடம், அதற்கு மேலும் ஆகலாம். ஊசியை நிறுத்திய ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். கொழுந்து மும்முரமான காலத்தில் அம்மாவால் பேரை, அதாவது அன்றைய நாட்கூலியை, விட்டுவிட்டு வர முடியவில்லை. ஒன்று தவறி, இரண்டு தவறி, அப்படியே விட்டுப்போனது. ஒன்றரை வருடம் கழித்து வந்தபோது அந்தப் பிள்ளையால் படுத்துத் தூங்க முடியவில்லை. இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே மூச்சு வாங்கினாள். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊசித் தேதியைக் கலண்டரில் வட்டம் போட்டு, கங்காணியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பதுளையிலிருந்து: மூன்று வயது மகனுக்கு மாதம் தவறாமல் நாலு நாள் காய்ச்சல், வாய்ப்புண், கழுத்தில் நெறி. இடையில் நன்றாகச் சாப்பிட்டு வளர்கிறான்.

தவணைக் காய்ச்சலில் பயம் குறைந்த ஒரு வகை உண்டு, இது அதுவாக இருக்கலாம். பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். தேதிகளைக் கொப்பியில் எழுதி, கிளினிக் கார்டில் உள்ள நிறைக் கோட்டையும் காட்டுங்கள்.

ஒரு பாட்டி, ராகலை: பேத்தி இரவில் கால் உளைகிறது என்று அழுகிறாள். காய்ச்சல் இல்லை. பனிக்குளிரால் வருமா? எண்ணெய் போட்டு உருவலாமா?

அம்மா, இரண்டு காலும் இரவில் உளைந்து, காலையில் ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால் அது வளரும் வயது உளைச்சல். மெதுவாகத் தடவி விடுங்கள், வெந்நீர் ஒத்தடமும் நல்லது. குளிர் மூட்டு நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கனவே இருக்கிற இறுக்கத்தைக் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் பிள்ளை வெளுத்து, மெலிந்து, காரணமில்லாமல் கன்றிப்போன அடையாளங்கள் இருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு அசைக்க விடாமல் அழுதால் உருவவே வேண்டாம், கட்டும் போட வேண்டாம். மூட்டுக்குள் சீழ் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஹட்டனிலிருந்து: போன தடவை தந்த புரூபன் (இபுபுரோஃபென்) சிரப் மிச்சம் இருக்கிறது. காய்ச்சலுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிட்டமோல் மட்டும்தான். புரூபனும் அஸ்பிரினும் டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் அளவு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம், அதாவது 5 மில்லிலீட்டரில் 120 உள்ள சிரப் என்றால் ஏழரை மில்லிலீட்டர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளைக்கு நாலுக்கு மேல் போகக்கூடாது. போத்தலில் எழுதியிருப்பதைப் பார்த்து அளந்து கொடுங்கள், 250 உள்ளதும் இருக்கிறது.

அப்புத்தளையிலிருந்து ஓர் அம்மா: மகளுக்குச் சிறுவர் மூட்டுவாதம் என்று முடிவாகிவிட்டது, முழங்கால் ஒன்றுதான். மெதோட்ரெக்ஸேட் குளிசை தந்திருக்கிறார்கள். கண் கிளினிக்குக்கும் போகச் சொல்கிறார்கள். கண் சிவக்கக்கூட இல்லையே?

சிவக்காது, நோகாது, அதுதான் ஆபத்து. ஓரிரு மூட்டு மட்டும் வீங்கும் வகையில் கண்ணுக்குள் சத்தமில்லாமல் அழற்சி வரும். பிள்ளைக்குப் பார்வை குறைவது தெரியும்போது நாள் பிந்திவிடும். அவர்கள் தந்த தேதியை விடாதீர்கள். குளிசை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி, "செவ்வாய்" என்றோ எந்தக் கிழமையோ பெட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து: டொக்டர் சிங்களம்தான் பேசுகிறார். எனக்கு வாய் வராது மிஸ்.

மூன்று சொல் போதும் தங்கச்சி. காய்ச்சல் "உண", காலையில் "உதேட", வீங்கியிருக்கிறது "இதிமிலா". "உதேட இதிமிலா" என்று சொல்லி மூட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு, போனை அவர் கையில் கொடுங்கள். காய்ச்சல் கொப்பியில் தேதி, நேரம், பாகை மூன்றையும் இலக்கத்திலேயே எழுதுங்கள். இலக்கத்தை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.