மதிப்பெண் பட்டியலும் வாட்ஸ்அப் குழுவும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. எந்த ஆப் நல்லது? ஏஐ வந்தால் எங்கள் வேலை போய்விடுமா? பெற்றோருக்கு வாட்ஸ்அப் குழு வைத்து, மதிப்பெண் பட்டியலை உடனுக்குடன் படமெடுத்துப் போடுகிறேன். ஒன்று மாதிரிக்கு இணைத்துள்ளேன். ஆனால் ஐந்தாறு அம்மாக்கள் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்கள். பிள்ளைகள் படிப்பில் இவர்களுக்கு அக்கறையே இல்லை. தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள டீச்சர்,

உங்கள் பெயரைப் போடவில்லை. அந்த 38 பிள்ளைகளின் பெயரை மட்டும் ஏன் எனக்கு அனுப்பினீர்கள்?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர், எமிஸ் எண் (ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித் துறை தரும் அடையாள எண்), அடுத்த கட்டத்தில் எம்பிசி, எஸ்சி, அப்புறம் ஐந்து பாடம், மொத்தம், ரேங்க். கடைசி மூன்று பெயர்களைச் சுற்றிச் சிவப்பு மை. பார்த்ததும் அழித்துவிட்டேன். நீங்கள் குழுவில் போட்டதை அப்படி அழிக்க முடியாது. ‘எல்லோருக்கும் நீக்கு’ என்பது இரண்டு நாளுக்குச் சற்று அதிகம் வரைதான் வேலை செய்யும். அதற்குள் யாராவது வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பிரதி அங்கேயே கிடக்கும்.

வெளியேறிய அம்மாக்களைத் திட்டாதீர்கள். உங்கள் பக்கத்தில் எத்தனை பேர் காலையிலேயே ஆம்பூர் ஷூ கம்பெனி வேனில் ஏறுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். போன் வீட்டில் மூத்த பையன் கையில். தங்கச்சி கடைசி ரேங்க் என்பது அம்மாவுக்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னொன்று: குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். டிபியில் சொந்தப் படம் வைத்திருக்கும் பெண்ணுக்கு ராத்திரி ஒன்பதரைக்கு யாரென்றே தெரியாத எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால் அவர் என்ன செய்வார்? டீச்சரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, சத்தமில்லாமல் வெளியேறுவார். ‘அட்மின் மட்டுமே அனுப்பலாம்’ என்று வைத்திருக்கிறேன் என்பீர்கள். அது வாயைத்தான் கட்டும், எண்ணை மறைக்காது. பாதி டீச்சர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

குழுவை விட்டுவிட்டு, வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள். ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், உங்கள் வகுப்புக்குத் தாராளம். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது, பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். சிக்கல் ஒன்று உண்டு: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமிக்காதவருக்குச் செய்தி போய்ச் சேராது. உங்கள் பக்கம் அனுப்பியதாகவே காட்டும். ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு போனையும் வாங்கி ‘ஏழாம் வகுப்பு டீச்சர்’ என்று நீங்களே பதிந்து கொடுங்கள். முடிந்தால் இதற்கென்று தனி சிம் வாங்குங்கள். லீவு, கூட்டம், வீட்டுப்பாடம் எல்லாம் பிராட்காஸ்டில் போகட்டும். மதிப்பெண் அதில்கூட வேண்டாம். அந்தந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். 38 சீட்டு எழுத அரைமணி நேரம் ஆகும். ஆகட்டுமே!

2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து இதைச் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் மகள் பெயர் இருந்தால் குழுவில் போட்டிருப்பீர்களா?

ஏஐ சமாச்சாரத்தை இன்னொரு நாள் பேசுவோம்.

போர்டு பற்றி ஒன்று. அதில் உங்கள் சொந்த ஜிமெயிலையோ வாட்ஸ்அப் வெப்பையோ திறக்காதீர்கள். பாடம் நடக்கும்போது நாத்தனார் அனுப்பிய செய்தி போர்டின் மூலையில் வந்து எட்டிப்பார்க்கும். வாட்ஸ்அப்பை ஏற்கெனவே திறந்திருந்தால், போனில் வாட்ஸ்அப்புக்குள் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்துக்குப் போய் வெளியேற்றுங்கள்.

ஆப் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். பாடப்புத்தகத்து க்யூஆர் கோடும், அதை ஸ்கேன் செய்து பாடக் காணொளி பார்க்க உதவும் தீக்‌ஷா ஆப்பும் போதும். காணொளியை முந்தின நாளே வீட்டில் இறக்கி வையுங்கள். வகுப்பில் நெட்டை நம்பி யூடியூப் திறந்தால், ஒளிச்சேர்க்கைக்கு முன்னால் ரம்மி விளம்பரம்தான் வரும்.