கப்பல்ல போயிட்டு வந்தீங்களே, எனக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?

வாசகர் கேள்வி பதில்

கப்பல் பயணம், தீவு, பரிசுப் பொருள் பத்தி வந்த கேள்விகளை மட்டும் இந்த தடவை ஒண்ணா எடுத்துக்கிட்டேன். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தா ஒருத்தரோட கேள்வியை மட்டும் போட்டிருக்கேன், மத்த மூணு பேரும் கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, முதல் தடவையா ஏழு நாள் கரீபியன் குரூஸ் போறோம். நாலு தீவுல நிக்குமாம், ஒவ்வொண்ணுலயும் அஞ்சாறு மணி நேரம்தான் கிடைக்கும். ஆபீஸ், சொந்தக்காரங்கன்னு இருபது பேருக்காவது வாங்கணும். எங்க, என்ன வாங்கறது?

முதல்ல அந்த இருபது பேரை ரெண்டா பிரிங்க தம்பி. பதினஞ்சு பேருக்கு ஒரே மாதிரி, சின்னதா, எடை இல்லாம ஒண்ணு. மிச்சம் அஞ்சு பேருக்கு மட்டும் தேடி வாங்கறது. இதைச் செய்யாமத்தான் எல்லாரும் கடைசி நாள் கையில சிக்குனதை அள்ளிக்கிட்டு கப்பலுக்கு ஓடி வராங்க, நானும் அப்படி ஓடி வந்தவதான், முதல் பயணத்துல தென்னை மரம் படம் போட்ட மேக்னெட் பன்னெண்டு வாங்கிட்டு வந்து வீட்ல திருப்பிப் பாத்தா பின்னாடி ‘மேட் இன் சைனா’ ஸ்டிக்கர், அதையும் யாரோ பாதி உரிச்சிட்டு விட்டிருக்காங்க. அதுலேர்ந்து எந்தக் கடைக்குப் போனாலும் எனக்குள்ள ஓடுற முதல் கேள்வி, இந்தப் பொருள் இந்தத் தீவுல பொறந்ததா, இல்ல என்னை மாதிரியே டூர் வந்ததா?

சின்னப் பரிசுக்கு உங்க கப்பல் கிரெனடால நின்னா வேற எங்கயும் தேட வேணாம். ஜாதிக்காய் அவங்க தேசியக் கொடியிலயே இருக்கு. உள்ள இருக்கிற கொட்டை ஜாதிக்காய், அதைச் சுத்தி சிவப்பா வலை மாதிரி இருக்கிறது ஜாதிபத்திரி, ரெண்டும் ஒரே பழம்னு அங்க போய் பழத்தைப் பிளந்து காட்டினப்போதான் எனக்கே தெரிஞ்சுது. 2004ல ஐவன் புயல் வந்து அந்த மரங்கள்ல பெரும்பகுதியைச் சாய்ச்சிட்டு போயிடுச்சு, புதுசா நட்ட மரம் காய்க்கவே ஏழெட்டு வருஷம் ஆகும், அதனால அந்த ஊர்க்காரங்க கையால ஒரு பாக்கெட் வாங்கினா அந்தக் காசு சரியான இடத்துக்குப் போகுது. ஜாதிக்காய், பட்டை, கிராம்பு எல்லாம் கோத்து மாலை மாதிரியும் விப்பாங்க, அலமாரியில தொங்கவிட்டா மாசக்கணக்குல வாசனை வரும். ஜமைக்காவா இருந்தா காபி. ஆனா லேபிளைப் படிங்க, ‘ப்ளூ மவுண்டன்’ன்னு பெருசா போட்டு கீழ சின்னதா ‘ப்ளெண்ட்’ன்னு இருந்தா அதுல வேற காபிதான் கூட இருக்கும், நூறு சதவீதம்னு போட்டிருக்கிறதை எடுங்க. விலையைப் பாத்து மயக்கம் வரும், அதான் அது அஞ்சு பேர் லிஸ்ட்ல.

டொமினிக்கால நின்னா (டொமினிக்கன் ரிபப்ளிக் வேற, இது வேற, ரெண்டையும் குழப்பிக்காதவங்களே இல்ல) கலினாகோ பூர்வகுடி மக்கள் பின்னுற கூடை இருக்கு. லரூமாங்கிற நாணல்ல பின்னுறது, பழுப்பு, கறுப்பு, வெளிர் நிறம்னு கோலம் கோலமா வரும். ரெண்டு அடுக்கா பின்னி நடுவுல இலையை வச்சு மழைத்தண்ணி உள்ள போகாத மாதிரி பண்ற வகையும் உண்டு. டொமினிக்கன் ரிபப்ளிக்ல லரிமார்னு ஒரு நீலக் கல், உலகத்துலயே அந்த ஒரு நாட்டுல மட்டும்தான் கிடைக்குது. 1974ல அதுக்குப் பேர் வச்சவர் தன் மக லரிஸ்ஸாவோட பேரையும், கடலுக்கு ஸ்பானிஷ்ல சொல்ற ‘மார்’ங்கிற வார்த்தையையும் சேத்து வச்சிருக்காரு. பரிசு குடுக்கும்போது இந்தக் கதையையும் சேத்துச் சொல்லுங்க, கல்லை விட கதை ரொம்ப நாள் ஞாபகம் இருக்கும்.

ஒரு விஷயம் மறக்காதீங்க, கப்பல் கடிகாரமும் தீவு கடிகாரமும் சில இடத்துல ஒரு மணி நேரம் வித்தியாசப்படும். கப்பல் யாருக்காகவும் நிக்காது.

கேள்வி: கப்பல்லயே ஒரு மேப் குடுத்து, இந்தக் கடைகள்லதான் வாங்கணும்னு மீட்டிங் எல்லாம் போட்டாங்க. நம்பலாமா?

மேப்பை வாங்கிக்கோங்க, தெருவைத் தெரிஞ்சுக்க உதவும். மத்தபடி அது விளம்பரம்மா. அந்த லிஸ்ட்ல இடம்பிடிக்க கடைக்காரங்க காசு குடுக்கிறாங்க, அந்தக் காசு கடைசில யார் பில்லுல ஏறும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நல்லதும் ஒண்ணு உண்டு, பொருள்ல குறை இருந்தா குறிப்பிட்ட நாளுக்குள்ள கப்பல் கம்பெனி தலையிட்டு பேசித் தரும், அதனால விலை உயர்ந்த நகை கட்டாயம் வாங்கியே ஆகணும்னா லிஸ்ட்ல இருக்கிற கடை கொஞ்சம் பாதுகாப்பு.

ஆனா எதுக்கு வாங்கணும்? ஒவ்வொரு துறைமுகத்துலயும் அதே நகைக்கடை, அதே வெளிச்சம், அதே டான்சனைட். டான்சனைட் 1967ல கண்டுபிடிச்ச கல், கிடைக்கிறது ஆப்பிரிக்காவுல டான்சானியா வடக்குல மெரெலானி மலைப்பக்கம் மட்டும்தான். அதை ஒரு கரீபியன் தீவுல வாங்கிட்டு வந்து ‘தீவு ஞாபகம்’னு குடுத்தா அது என் மேக்னெட்டோட அக்கா, அவ்ளோதான். ‘ட்யூட்டி ஃப்ரீ’ங்கிற போர்டைப் பாத்தும் ஏமாறாதீங்க, அந்தத் தீவுல வரி இல்லைங்கிறதுதான் அதுக்கு அர்த்தம், நீங்க இறங்குற நாட்டோட கஸ்டம்ஸ் அவங்க கணக்கைத் தனியா போடுவாங்க. பில்லைப் பத்திரமா வைங்க.

கேள்வி: கடற்கரையில சும்மா கிடக்கிற சங்கு, பவளம், மணல் இதெல்லாம் காசு குடுக்காம எடுத்துட்டு வரலாம்ல? பசங்க ரொம்ப ஆசைப்படுறாங்க.

எடுக்காதீங்க. 2019ல இத்தாலியோட சார்டினியா தீவுல ஒரு பிரெஞ்சு ஜோடி கார் டிக்கியில 40 கிலோ வெள்ளை மணலை பாட்டில் பாட்டிலா அடைச்சு எடுத்துட்டுப் போகும்போது மாட்டிக்கிட்டாங்க, ஞாபகத்துக்காக எடுத்தோம்னு சொல்லிப் பாத்தாங்க, கேஸ் ஆயிடுச்சு. அங்க 2017லேர்ந்து மணல், கூழாங்கல், சிப்பி எடுத்தா 500லேர்ந்து 3,000 யூரோ வரைக்கும் அபராதம். கரீபியன்ல பெருசா ரோஸ் கலர்ல இருக்குமே குவீன் காங்க் சங்கு, அது 1992லேர்ந்து சைட்டிஸ்னு ஒரு உலக ஒப்பந்தத்துல கட்டுப்பாட்டுல இருக்கு. சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு மூணு வரைக்கும் அந்த ஒப்பந்தம் விடுது, ஆனா அந்தத் தீவோ நீங்க இறங்குற நாடோ அதைவிடக் கண்டிப்பா இருக்கலாம், அதனால கடையில பில்லும் பெர்மிட்டும் கேக்காம தொடாதீங்க. கறுப்புப் பவளத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆமை ஓட்டுல செஞ்ச சீப்பு, வளையல், கண்ணாடி ஃப்ரேம் இதெல்லாம் யார் என்ன சொன்னாலும் வேணாம், அது அழிஞ்சுக்கிட்டு இருக்கிற அழுங்காமையோட ஓடு, பழைய பொருள்னு கடைக்காரர் சத்தியம் பண்ணாலும் ஏர்போர்ட்ல அவர் வந்து நிக்கப் போறதில்ல.

பசங்களுக்கு ஒரு நோட்டும் கலர் பென்சிலும் குடுத்து, கண்ட சங்கை எல்லாம் வரையச் சொல்லுங்க.

கேள்வி: ரம் பாட்டில் வாங்கினா கப்பல்ல பிடுங்கிடுவாங்களாமே?

பிடுங்க மாட்டாங்க, வாங்கி வச்சுக்குவாங்க. கரையில வாங்குற பாட்டிலை ஏறும்போதே டோக்கன் போட்டு எடுத்துக்கிட்டு கடைசி ராத்திரியோ இறங்குற காலையிலயோ திருப்பிக் குடுப்பாங்க, நடுவுல ரூம்ல வச்சு குடிக்கக் கூடாதுங்கிறதுதான் விஷயம். சிக்கல் அதுக்கப்புறம்தான். இறங்கி நேரா விமானம் ஏறுறவங்க பாட்டிலைக் கைப்பையில வச்சா 100 மில்லி விதியில போயிடும், அதனால பெரிய பெட்டியில துணி சுத்தி வைக்க இடம் முன்னாடியே ஒதுக்குங்க. 70 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருந்தா விமானத்துல எந்தப் பெட்டியிலயும் ஏத்த முடியாது. கிரெனடால ரிவர்ஸ்னு ஒரு பழைய ரம் ஆலை இருக்கு, அவங்க ரம் 75 சதவீதம், விமானத்துல ஏத்த முடியாதுங்கிறதுக்காகவே டூரிஸ்டுகளுக்கு 69 சதவீதத்துல தனியா ஒண்ணு பாட்டில் பண்றாங்க. ஒரே ஒரு சதவீதம் பாக்கி வச்ச சாமர்த்தியம்! அலங்காரக் கத்தி, வெட்டுக்கத்தி மாதிரி பொருளுக்கும் கப்பல் வாசல்ல இதே கதிதான்.

கேள்வி: கொசுமெல் தீவுல ஒரு லிட்டர் வனிலா எசென்ஸ் ரொம்ப மலிவா கிடைக்கும்னு தோழி சொல்றா. வாங்கலாமா?

மலிவா இருந்தாலே சந்தேகப்படணும். வனிலா பூ ஒரு நாள் காலையிலதான் விரிஞ்சிருக்கும், அதுக்குள்ள ஒவ்வொரு பூவையும் மனுஷன் கையாலதான் மகரந்தம் சேக்கணும், 1841ல ரியூனியன் தீவுல எட்மண்ட் அல்பியூஸ்ங்கிற 12 வயசு அடிமைப் பையன் கண்டுபிடிச்ச முறை அது, இன்னிக்கு வரைக்கும் உலகம் அப்படித்தான் பண்ணுது. அவ்ளோ வேலை இருக்கிற பொருள் லிட்டர் கணக்குல சல்லிசா கிடைக்காது. சில மலிவு பாட்டில்ல டோங்கா விதைச் சாறைக் கலக்குறாங்க, அதுல இருக்கிற கூமரின் அமெரிக்காவுல 1954லேர்ந்து சாப்பாட்டுல சேக்கத் தடை. தண்ணி மாதிரி நிறமே இல்லாம இருந்தா அது கண்டிப்பா நிஜ வனிலா இல்ல. முழு வனிலாக் காய் ரெண்டு மூணு வாங்குங்க, எடையும் இல்ல, ஒழுகவும் ஒழுகாது.

கேள்வி: என் தங்கை குழந்தைக்கு விதை கோத்த வளையல் வாங்கலாம்னு இருக்கேன். பாக்க ரொம்ப அழகா இருக்கு, சிவப்புல கறுப்புப் பொட்டு.

அது நம்ம குன்றிமணிதான் தங்கச்சி! கடல் தாண்டி அங்கயும் காய்க்குது. அழகு எவ்ளோவோ விஷமும் அவ்ளோ, ஓடு கெட்டியா இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற விஷம் வெளிய வராது, ஆனா வளையலுக்குக் கோக்கணும்னா ஊசியால துளை போட்டுத்தானே ஆகணும், அங்கதான் ஆபத்து. வாயில வச்சு கடிக்கிற வயசுப் பிள்ளைக்கு வேணவே வேணாம். வேற விதையா இருந்தாலும் சுங்கத்துல வாய் திறந்து சொல்லிடுங்க. பட்டை உரிக்காத மரத்துல செஞ்ச பொம்மை, பதப்படுத்தாத தோல் போட்ட மேளம் இதையும் சேத்துக்கோங்க, பூச்சியும் கிருமியும் உள்ள வந்துடும்னு பல நாட்டுல வாங்கி வச்சுக்குவாங்க. எனக்கு ஒரு தடவை மரத்துல செதுக்குன மீன் அப்படித்தான் போச்சு, அடியில பொடிப்பொடியா கொட்டிட்டு இருந்ததை நான் மரத்தூள்னு நெனச்சேன், அதிகாரி பூச்சின்னு சொன்னாரு, அவர் சொன்னதுதான் சரி.

கேள்வி: பேரம் பேசலாமா? பேசாம வந்தா ஏமாந்த மாதிரி இருக்கு, பேசினா கூச்சமா இருக்கு.

சந்தைக் கடையில பேசலாம், சிரிச்சுக்கிட்டே. எதிர்ல உக்காந்து கூடை பின்னிக்கிட்டு இருக்கிற அம்மாகிட்ட வேணாம்னு என் கட்சி. அவங்க எத்தனை நாள் பின்னுனாங்கன்னு கேளுங்க, பதில் வந்தப்புறம் பேரம் பேச உங்களுக்கே வாய் வராது. சில்லறை டாலரா எடுத்துட்டுப் போங்க, கிழக்குக் கரீபியன் தீவுகள் பலதுல அமெரிக்க டாலர் வாங்கிக்குவாங்க, ஆனா மிச்சத்தை அவங்க ஊர் டாலர்ல தருவாங்க. ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70ன்னு 1976லேர்ந்து மாறாத கணக்கு, மனசுல வச்சுக்கிட்டா போதும்.

கேள்வி: எங்க மாமியாருக்கு எது வாங்கிட்டு வந்தாலும் “இது இங்கயே கிடைக்குமே”ம்பாங்க. ஒரு வழி சொல்லுங்க அக்கா.

இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்ட்டினிக், குவாடலூப் இந்தத் தீவுகள்ல பெண்களோட பாரம்பரிய உடுப்புல கட்டம் போட்ட ஒரு பருத்தித் துணி இருக்கும், தலையில கட்டுவாங்க, பாவாடையா தைப்பாங்க, மஞ்சள் சிவப்பு பச்சைன்னு கண்ணைப் பறிக்கும். அதுக்கு அவங்க வச்சிருக்கிற பேரே ‘மெட்ராஸ்’. நிஜமாவே மெட்ராஸ் பக்கத்துலேர்ந்து ஐரோப்பியக் கப்பல்ல ஏறிப் போன துணிதான் அது. என் கணக்குப்படி பாத்தா இதுவும் டூர் போன பொருள்தான், ஆனா போனது போனதுதான், திரும்பி வரல, அங்கயே குடும்பம் ஆயிடுச்சு, இப்ப அது அவங்க துணி. அதுல ஒரு தலைக்கட்டுத் துணியோ, அந்த உடுப்பு போட்ட ஒரு சின்ன பொம்மையோ வாங்குங்க.

மாமியார் “இது இங்கயே கிடைக்குமே”ன்னு சொல்லட்டும். “ஆமா அத்தை, இங்கேர்ந்துதான் போச்சாம்”னு சொல்லிட்டு கதையை ஆரம்பிங்க.

கேள்வி: மேக்னெட்டே வாங்கக் கூடாதா?

வாங்குங்க. திருப்பிப் பாத்துட்டு வாங்குங்க.