தாபியும் தபீத்தாளும்

அன்புள்ள ஐயா,

அபுதாபியில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெயருக்கு ‘மானின் தந்தை’ என்று அர்த்தம் சொல்கிறார்கள். மகள் கேட்டபோது புள்ளிமான் படத்தைக் காட்டினேன். ஆனால் கூட வேலை செய்யும் எகிப்துக்காரர் மானை ‘கஸால்’ என்கிறார். அப்படியானால் ‘தாபி’ எது? அம்பு பட்ட கஸாலின் கதறல்தான் கஸல் பாட்டு என்பது உண்மையா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே அந்த மானைக் குறிக்கும் அரபிச் சொற்கள்தான். ‘கஸால்’ ஐரோப்பாவுக்குப் போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘கெஸல்’ ஆனது. ‘தாபி’ ஊர்ப் பெயரில் தங்கிவிட்டது. ‘அபு’ என்றால் தந்தை. ஆனால் ஒன்றை உடையது என்ற பொருளிலும் அரபியில் வரும். ‘மானூர்’ என்று எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் ‘தாபி’தான். அரபியில் அதன் முதலெழுத்து, லுஹர் என்ற நண்பகல் தொழுகையின் பெயரில் வரும் அதே முதலெழுத்து. அந்த ஒலி அரமேய மொழியில் ‘த’ ஆகும், எபிரேயத்தில் ‘ட்ஸ’ ஆகும். எபிரேயத்தில் இந்த மான் ‘ட்ஸ்வி’. இன்றும் ஆண்பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர். அரமேயத்தில் பெண்மான் ‘தபீத்தா’. தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு இவளைத் தெரியும். அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில், யோப்பா பட்டணத்துத் தபீத்தாள். அவள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே, அவள் செய்துகொடுத்த அங்கிகளைப் பேதுருவிடம் காட்டுவார்கள். உங்கள் ஊரின் தாபியும் இந்தத் தபீயும் ஒரே சொல்! அவளுடைய கிரேக்கப் பெயர் ‘தொற்காள்’ என்று அங்கேயே இருக்கிறது. அதுவும் இந்த மான்தான். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ், 1758இல் ஒரு கஸால் இனத்துக்கு அதே பெயரைத்தான் வைத்தார்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். கதறல் கதை மனதைத் தொடுகிறது, ஆனால் அகராதி அப்படிச் சொல்லவில்லை. ‘கஸல்’ என்றால் காதல் பேச்சு. மானுக்கு நெடில், பாட்டுக்குக் குறில். இரண்டு சொல்லுக்கும் அடிப்படையான வேரெழுத்துகள் மூன்றும் ஒன்றாக இருப்பதால் கதை பிறந்திருக்க வேண்டும். நூல் நூற்பதற்கும் அதே மூன்று எழுத்துதான்.

அப்புறம், புள்ளிமான் வேண்டாம். அதன் கொம்பு கிளைவிடும், உதிர்ந்து மறுபடி முளைக்கும். கஸாலின் கொம்பு கிளைவிடாது, உதிராது. நம் கோடியக்கரை வெளிமான்தான் அதற்கு நெருங்கிய சொந்தம். இந்தியாவிலேயே கஸால் பார்க்க வேண்டுமென்றால் ராஜஸ்தான் பக்கம் சிங்காரா இருக்கிறது. மகளுக்கு அதைக் காட்டுங்கள். உங்கள் ஊரிலேயே ரீம் தீவு இருக்கிறதே, அந்த ‘ரீம்’ மணல்வெளியில் வாழும் வெளிர்நிறக் கஸாலின் பெயர். அந்தப் பக்கம் போகும்போது அவளிடம் சொல்லுங்கள்.